கார்டு கட்டணத்துக்கு வரம்பு வந்தது, புள்ளிகள் ஏன் போயின?

கேள்வி: வீட்டுச் செலவு முழுவதையும் கிரெடிட் கார்டில் செய்து, மாதாமாதம் பில்லை முழுதாகக் கட்டிவிடுகிறேன். கார்டு கட்டணங்களுக்கு உச்சவரம்பு வந்த பிறகு என் ரிவார்டு புள்ளிகள் பாதியாகிவிட்டன, ஆண்டுக் கட்டணமும் ஏறிவிட்டது. என் கணவர் சிறிய கடை வைத்திருக்கிறார். அங்கே ஸ்வைப் மெஷினுக்குப் பிடிக்கும் கட்டணம் துளியும் குறையவில்லை. அப்படியானால் அந்தப் பணம் யாருக்குப் போனது? கார்டை ரத்து செய்துவிடலாமா?

பதில்: கார்டில் வாங்குபவர், கார்டில் விற்பவர் இருவருமே உங்கள் வீட்டில் இருக்கிறீர்கள். அதனால்தான் பலர் கவனிக்காததை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள்.

நீங்கள் கார்டைத் தேய்த்ததும் கடைக்காரரின் வங்கி குறிப்பிட்ட ஒரு விகிதத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அவருக்குத் தருகிறது. பிடித்த தொகையில் மூன்று பேருக்குப் பங்கு உண்டு. வழக்கமாகப் பெரிய பங்கு உங்களுக்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும். அதற்கு இன்டர்சேஞ்ச் என்று பெயர். அடுத்தது விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க்குக்கு. மிச்சம் கடைக்காரரின் வங்கிக்கு. பல நாடுகளில் சட்டம் வரம்பு வைப்பது இன்டர்சேஞ்சுக்கு மட்டும்தான். உங்கள் புள்ளிகளுக்கான பணமும் பெரும்பாலும் அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. வங்கி அதை இழந்ததும் முதலில் கைவைத்தது உங்கள் புள்ளிகளில்.

இது உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. ஆஸ்திரேலியாவின் மத்திய வங்கி 2003-ல் கிரெடிட் கார்டு இன்டர்சேஞ்சை ஏறத்தாழ 0.95 சதவீதத்திலிருந்து 0.55 சதவீதத்துக்கு இறக்கியது. அங்கேயும் புள்ளிகள் சுருங்கின, ஆண்டுக் கட்டணங்கள் ஏறின. அமெரிக்காவில் 2011 அக்டோபரிலிருந்து பெரிய வங்கிகளின் டெபிட் கார்டுகளுக்கு வரம்பு வந்தது. ஒரு பரிவர்த்தனைக்குச் சராசரியாக 44 சென்ட் வாங்கியவர்கள் அதில் ஏறத்தாழ பாதிக்கு இறங்க வேண்டியதாயிற்று. டெபிட் கார்டு ரிவார்டுகள் பெருமளவு மறைந்தன. பல வங்கிகள் இலவசக் கணக்குகளைக் குறைத்துக்கொண்டன. டெபிட் கார்டு பயன்படுத்துவதற்கே மாதம் 5 டாலர் என்று பேங்க் ஆஃப் அமெரிக்கா அறிவித்து, மக்கள் கொதித்தெழுந்ததும் சில வாரங்களிலேயே கைவிட்டது.

இந்தியா இன்னும் ஒரு படி மேலே போனது. 2020 ஜனவரியிலிருந்து ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐ-க்கும் கடைக்காரரிடம் கட்டணமே வாங்கக் கூடாது என்றாயிற்று. ஆனாலும் அந்தச் சேவையை நடத்த யாராவது பணம் கொடுத்தாக வேண்டும். அதில் ஒரு பகுதியை ஊக்கத்தொகையாக அரசு தருகிறது. 2024-25-க்கு மட்டும் சுமார் 1,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதாவது வரிப்பணம்.

சரி, உங்கள் கணவரின் கடைக்கு வருவோம். எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இந்த இடத்தில்தான். பெரிய சங்கிலிக் கடைகள் இன்டர்சேஞ்ச் எவ்வளவு, நெட்வொர்க் கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டும் ஒப்பந்தத்தில் இருக்கும். இன்டர்சேஞ்ச் இறங்கினால் அவர்களுக்கு உடனே மிச்சம். சிறிய கடைகளுக்கோ பெரும்பாலும் எல்லா கார்டுக்கும் ஒரே விகிதம்தான். அடியில் செலவு குறைந்தாலும் அந்த விகிதம் தானாகக் குறையாது, இடையில் இருப்பவரிடமே தங்கிவிடும். அமெரிக்காவில் சிலருக்கு நிலைமை மோசமாகவே ஆயிற்று. அதுவரை சிறு தொகைகளுக்குக் குறைவாக வாங்கிய நெட்வொர்க்குகள், வரம்பு வந்ததும் அந்தச் சலுகையை எடுத்துவிட்டு உச்சத் தொகையையே வாங்க ஆரம்பித்தன. சில்லறை வியாபாரம் செய்தவர்களுக்குக் கட்டணம் கூடியது.

ஆகவே உங்கள் கணவர் இந்த வாரமே மெஷின் கொடுத்த வங்கியிடம் எழுத்தில் கேட்கட்டும்: கட்டணத்தைப் பிரித்துக் காட்டுங்கள், வரம்பு வந்த பிறகு என் விகிதம் ஏன் மாறவில்லை? இன்னும் இரண்டு இடங்களில் விகிதம் வாங்கி ஒப்பிடட்டும். ஆனால் மெஷினின் மாத வாடகை, ஒப்பந்தத்தை முறித்தால் வரும் அபராதம் இரண்டையும் பார்க்காமல் மாற வேண்டாம். உங்கள் புள்ளிகளை மீட்பதைவிட இதில் உங்கள் குடும்பத்துக்கு அதிகம் மிஞ்சக்கூடும்.

இத்தனைக்குப் பிறகும் வரம்பு தேவை என்றே சொல்வேன். கடைகள் கார்டு கட்டணத்தைப் பொருள் விலையிலேயே ஏற்றிவிடுகின்றன. ரொக்கம் கொடுப்பவரும் அதே விலையைக் கொடுக்கிறார், அவருக்குப் புள்ளிகள் இல்லை. அமெரிக்க மத்திய வங்கி அமைப்பைச் சேர்ந்த பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளாதார நிபுணர்கள் 2010-ல் கணக்கிட்டபோது, ரொக்கம் பயன்படுத்தும் ஒரு குடும்பம் ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலரை கார்டு பயன்படுத்துபவர்களுக்குக் கொடுப்பதாகவும், கார்டு குடும்பம் ஒன்றுக்கு 1,133 டாலர் கிடைப்பதாகவும் தெரிந்தது. பலரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து சிலரிடம் போன பணம் அது. அதிலும் மொத்தத்தில் அது குறைந்த வருமானக் குடும்பங்களிடமிருந்து அதிக வருமானக் குடும்பங்களுக்குப் போயிருக்கிறது. உங்களுக்கு வருத்தம் இருப்பது புரிகிறது. ஆனாலும் அந்தப் புள்ளிகளுக்கு இப்படியும் ஒரு பக்கம் உண்டு.

விலை இறங்கும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். ஒரு சதவீதத்திலும் சின்னப் பகுதிதான் குறைகிறது. போட்டி கடுமையாக உள்ள இடத்தில் விலையேற்றம் கொஞ்சம் தள்ளிப்போகலாம், ஆனால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

அப்புறம், உங்கள் கார்டு. ஆண்டுக் கட்டணத்தை ரிவார்டு சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள். கட்டணம் 2,000, ரிவார்டு 1 சதவீதம் என்றால் 2 லட்சம் செலவழித்தால்தான் கொடுத்தது திரும்ப வரும். கட்டணம் 3,000 ஆகி ரிவார்டு 0.5 சதவீதமாக இறங்கினால் அதற்கே 6 லட்சம் வேண்டும். உங்கள் வருடச் செலவு அதைத் தாண்டவில்லை என்றால் இந்த கார்டு உங்களுக்கு நஷ்டம். அதைத் தாண்டுவதற்காகச் செலவை மட்டும் கூட்டிவிடாதீர்கள்.

நஷ்டம் என்று தெரிந்தாலும் உடனே ரத்து செய்ய வேண்டாம். ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டாக இதே கணக்கை மாற்றித் தர முடியுமா என்று முதலில் கேளுங்கள். பழைய கணக்கு தொடர்ந்தால் உங்கள் கடன் வரலாறு பாதிக்காமல் இருக்கும், பின்னால் வீட்டுக் கடனுக்குப் போகும்போது அது உதவும். மாற்றினாலும் சரி, மூடினாலும் சரி, அதற்கு முன்பே சேர்த்த புள்ளிகளை எடுத்துப் பயன்படுத்திவிடுங்கள். கணக்கு மூடியதும் பல கார்டுகளில் அவை காலாவதியாகிவிடும்.