கெட்டில்ல படியுற வெள்ளையும் ஜன்னலோரக் கறுப்பும்

தங்கச்சி, இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து ரெண்டு மாசத்துலயே கெட்டிலுக்குள்ள வெள்ளையா படியுது, ஷவர்ல தண்ணி சரியா வரல, படுக்கையறை ஜன்னலோரம் கறுத்துப் போகுது, எவ்வளவு தேய்ச்சும் போகலைன்னு கேட்டிருந்தீங்க. நீங்க தேய்க்கிறதுல குறை இல்ல. வெள்ளை தண்ணியால வருது, கறுப்பு ஈரக் காத்தால வருது. ரெண்டுக்கும் மருந்து வேற வேற.

வெள்ளையா இருக்கிறது சுண்ணாம்புப் படிவு. சோப்புக்கு அசையாது, புளிப்புக்குத்தான் கரையும். வெள்ளை வினிகரும் தண்ணியும் சமமா கலந்து கெட்டில்ல பாதி வரைக்கும் ஊத்துங்க, அதுக்கு மேல போனா பொங்கும். கொதிக்க வச்சு ஒரு மணி நேரம் விடுங்க. காது கொடுத்தா சொரசொரன்னு நுரைக்கிற சத்தம் கேக்கும், சுண்ணாம்பு கரைஞ்சு கரியமில வாயு வெளியேறுற சத்தம் அது. பொருக்குப் பொருக்கா விட்டு வந்துடும். அப்புறம் ரெண்டு தடவை வெறும் தண்ணி கொதிக்க வச்சுக் கொட்டிடுங்க. ஷவருக்கு, ஒரு பிளாஸ்டிக் பையில வினிகர் ஊத்தி, ஷவரோட முகப்பு முங்குற மாதிரி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி விடுங்க. ஒரு மணி நேரம் கழிச்சுப் பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சாப் போதும். ஆனா மார்பிள் மேல வினிகர் படவே கூடாது. அதுவும் சுண்ணாம்புக் கல்தான், பளபளப்பு அரிச்சுப் போயிடும்.

சோடா உப்பையும் வினிகரையும் சேர்த்துப் போடச் சொல்றவங்க நிறைய. நுரை பார்க்க நல்லா இருக்கும், ஆனா ஒண்ணு மத்ததை முறிச்சிடும். சோடாவைத் தனியா, கொஞ்சம் தண்ணியில குழைச்சு, ஓவன் கதவுக் கண்ணாடியில ராத்திரி பூசி வைங்க. காலையில எண்ணெய்க் கறை துணிக்கே வந்துடும்.

கறுப்பு, பூஞ்சை. குளிருக்குப் பயந்து எல்லாத்தையும் மூடி வைக்கிறோம். குளிச்ச ஈரம், சமைச்ச ஆவி, உள்ளேயே காயப்போட்ட துணி எல்லாம் சேர்ந்து குளிர்ந்த கண்ணாடியில தண்ணியா வழியுது. காலையில எழுந்ததும் அதை ஒத்தித் துடைங்க. எதிரெதிர் ஜன்னலைப் பத்து நிமிஷம் அகலத் திறந்து வைங்க. அலமாரியை வெளிச்சுவரோட ஒட்டாம ஒரு கையகலம் தள்ளிப் போடுங்க. ஏற்கெனவே வந்த கறையை உலர்ந்த பிரஷ்ஷால தேய்க்காதீங்க, தூள் பறந்து மத்த இடத்துலயும் ஒட்டும். பூஞ்சைக்குன்னே விக்கிற ஸ்ப்ரே வாங்கி, கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு அடிங்க.

இதை மட்டும் மறந்துடாதீங்க: அந்த ஸ்ப்ரேக்கள் பலதுல ப்ளீச் இருக்கும். அதோட வினிகர் சேர்ந்தா குளோரின் வாயு வரும். வந்த புதுசுல, நல்லா வெளுக்கும்னு நினைச்சு ரெண்டையும் மூடின குளியலறையில ஊத்தினேன். தொண்டை எரிஞ்சு, மூச்சு முட்டி, சுவரைப் பிடிச்சுக்கிட்டே வெளிய வந்தேன். இன்னிக்கு வரைக்கும் ரெண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில வைக்கிறதில்ல.

தண்ணி ஊத்திக் கழுவுற பழக்கத்தையும் விடணும். குளியலறைத் தரையில வடிகால் இல்லைன்னா தண்ணி கீழ் வீட்டுக்கு இறங்கிடும். மரத்தரைன்னா நல்லாப் பிழிஞ்ச மாப் போதும்.

காத்தோட்டம் விட்டும் கறுப்பு அதே இடத்துல திரும்ப வந்தா, சுவருக்குள்ள கசிவு இருக்கலாம். தேதியோட படம் எடுத்து வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுத்துல அனுப்பிடுங்க.