ஊசி போடாமல் எடுக்கும் டாப்ளர் வேண்டாம்

“வயது 46. எட்டு வருடமாகச் சர்க்கரை. விறைப்பு சரியாக வருவதில்லை, மாத்திரையும் கேட்கவில்லை. டாக்டர் டாப்ளர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார், நண்பர் நேராக ஆஞ்சியோவே எடுத்துவிடு என்கிறார். எதை எடுப்பது?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

டாப்ளர்தான், அதாவது ஆண்குறியில் ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன். அதற்கு முன், மாத்திரையை எப்படிப் போட்டீர்கள் என்று யோசியுங்கள். சில்டெனாஃபில் என்றால் எண்ணெய்ப் பலகாரம், பிரியாணி சாப்பிட்ட வயிற்றில் சரியாக ஏறாது, கிளர்ச்சி இல்லாமல் தானாகவும் வேலை செய்யாது. டாக்டர் சொன்ன அளவில் முறையாகச் சில தடவை பார்த்தும் பலனில்லை என்றால் ஸ்கேனுக்குப் போகலாம்.

இது அல்ட்ராசவுண்ட்தான், கதிர்வீச்சு கிடையாது. ஆனால் ஜெல் தடவிப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டால் பிரயோஜனமில்லை, ஏனென்றால் தளர்ந்திருக்கும்போது ஆண்குறிக்குள் ரத்தம் கொஞ்சமாகத்தான் ஓடும், எங்கே குறை என்று அதில் தெரியாது. அல்ப்ரோஸ்டாடில் அல்லது பாப்பவரின் மருந்தை, இன்சுலின் போடுவது மாதிரி மெல்லிய ஊசியால் பக்கவாட்டில் செலுத்தி, விறைப்பை வரவைத்து, சுமார் 20 நிமிடம் வரை விட்டுவிட்டு ரத்த வேகத்தை அளக்க வேண்டும். தேதி வாங்கும்போதே “ஊசி போட்டுத்தானே எடுப்பீர்கள்?” என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

ரிப்போர்ட்டில் பி.எஸ்.வி. என்பது ரத்தம் உள்ளே பாயும் உச்ச வேகம். விநாடிக்கு 25 செ.மீ.க்குக் கீழே என்றால் தமனியில் வரத்து குறைவு, 35க்கு மேல் என்றால் வரத்து நன்றாக இருக்கிறது. இ.டி.வி. என்பது இரண்டு துடிப்புக்கு நடுவே, இதயம் தளரும் கடைசிக் கட்டத்தில் ரத்தம் ஓடும் வேகம். வரத்து நன்றாக இருந்தும் அது 5 செ.மீ.க்கு மேலேயே நின்றால், வந்த ரத்தம் தங்காமல் சிரை வழியாக வெளியேறுகிறது என்று சந்தேகிப்போம். ‘வீனஸ் லீக்’ என்று எழுதுவது இதைத்தான்.

அந்த வார்த்தையைப் பார்த்து உடைந்துபோய் வருகிறவர்கள் நிறைய. பதற்றத்தில் அட்ரினலின் ஏறினாலே விறைப்பு முழுதாக வராது, அப்போது இல்லாத லீக்கும் இருப்பதுபோலத் தெரியும். குளிரூட்டிய அறை, தெரியாத முகங்கள், நடுவில் கதவைத் திறக்கும் ஊழியர் என்றால் யாருக்குத்தான் வரும்? தனிமை கொடுத்து, தேவைப்பட்டால் இன்னொரு டோஸ் போட்டு மறுபடி அளந்தார்களா என்று கேளுங்கள். அப்புறம், ஊசிக்குப் பின் விறைப்பு நான்கு மணி நேரம் தாண்டியும் அடங்காவிட்டால், நடுராத்திரியானாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும்.

ஆஞ்சியோவில் குழாயை உள்ளே செலுத்திச் சாயம் விடுவார்கள். விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து தமனி அடைபட்ட இளைஞருக்கு, பைபாஸ் செய்யலாமா என்று முடிவெடுக்கத்தான் அது பெரும்பாலும் தேவைப்படும். நடந்தால் பிட்டமும் தொடையும் வலித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் வயிற்றுப் பெருந்தமனியில் அடைப்பு இருக்கலாம், அதற்கு சி.டி. ஆஞ்சியோ. உங்கள் கடிதத்தில் இந்த இரண்டும் இல்லை.

பி.எஸ்.வி. குறைவாக வந்தால் இதய மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். ஆண்குறித் தமனி 1 முதல் 2 மி.மீ., இதயத் தமனி 3 முதல் 4 மி.மீ., அதனால் அடைப்பின் அறிகுறி சின்னதில்தான் முதலில் தெரியும், நெஞ்சுவலி சில வருடம் கழித்து வரலாம். அவர் நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரை எழுதினால் சில்டெனாஃபிலை அன்றே நிறுத்துங்கள், இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.