தேரூர்க் குளமும் மேட்டு மண்ணும்: கேள்வி பதில்

குமரி மாவட்டத்தில் முப்பது வருஷம் மண் அரிப்புத் தடுப்பு வேலை பார்த்தவன் நான். குளங்கள் மண் சேர்ந்து தூர்ந்துபோவது பற்றி நேற்று சாயங்காலம் தொடங்கி வந்த கேள்விகளுக்கு எழுதிய பதில்கள் இவை.

தேரூரிலிருந்து: அண்ணாச்சி, எங்கள் குளத்தில் சின்ன வயதில் எங்களுக்கு நிலை எட்டாத இடத்தில் இப்போது முழங்கால் அளவுதான் தண்ணீர். இவ்வளவு மண் எங்கிருந்து வருகிறது?

மேட்டிலிருந்துதான், தம்பி. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் பாண்டியன் கால்வாய் வழியாகப் பழையாற்றில் சேர்ந்துதான் நாஞ்சில் நாட்டு வயலுக்கும் குளத்துக்கும் வருகிறது. ஆகவே நம் குளத்தின் நீர்ப்பிடிப்பு என்பது கரையைச் சுற்றியுள்ள நாலு தெரு மட்டும் இல்லை. ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். சரிவில் அதை நிறுத்த ஒன்றும் இல்லையென்றால் அது மண்ணையும் கூட்டிக்கொண்டுதான் இறங்கும்.

ஒன்று செய்து பாருங்கள். அடுத்த பெருமழையில் ஓடைத் தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் அடியில் பருமணல் இருக்கும். அதன்மேல் மாவு மாதிரி செம்மண். அதற்கும் மேலே இன்னும் தெளியாத கலங்கல். பருமணல் வாய்க்காலிலேயே தங்கிவிடும். குளத்தைத் தூர்ப்பது அந்த மாவு மண்தான். வயலுக்குப் போட்ட உரமும் எருவும் அதில்தான் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆகாயத்தாமரை இப்படிக் கொழிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஈத்தாமொழியிலிருந்து: ஜேசிபி விட்டு எங்கள் குளத்தைப் பத்தடி ஆழமாக்கலாமா?

வண்டலை எடுங்கள், ஆழமாக்காதீர்கள். மடை மட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது. அடியிலுள்ள களிமண்ணை உடைத்துவிட்டால் நிற்கிற தண்ணீரும் ஊறிப் போய்விடும். வண்டல் எடுக்க வட்டாட்சியரிடம் அனுமதி கேளுங்கள். எடுத்தாலும் கரையின் அடியில் மட்டும் தோண்டவே தோண்டாதீர்கள். கரை சரிவது அங்கிருந்துதான்.

குலசேகரத்திலிருந்து: நான் மேட்டுச் சரிவில் ரப்பர் வைத்திருக்கிறேன். ரப்பர்க்காடு கூரை மாதிரி. அங்கே மண் அரிக்காது. எங்கள் மேல் ஏன் பழி?

பாதி சரி. வளர்ந்த தோட்டத்தில் உதிர்ந்த இலை மெத்தை மாதிரி கிடக்கும், மண்ணுக்கு அது நல்ல காவல். ஆனால் இருபத்தைந்து, முப்பது வருஷத்தில் மரத்தை முறித்து, இயந்திரம் விட்டுக் கிளறி, மறுபடி கன்று வைக்கிறீர்களே, அந்த மூன்று நான்கு வருஷம் என்ன ஆகிறது? தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் பெய்கிற மாவட்டத்தில் மலைச்சரிவு வெறும் மண்ணாகக் கிடக்கிறது.

அருமனையிலிருந்து: வளர்ந்த தோட்டமும் அவர் சொல்வது போல் இல்லை, அண்ணாச்சி. களைக்கொல்லி அடித்துத் தரையைச் சுத்தமாக்கி வைத்திருக்கிறார்கள். இலையிலிருந்து சொட்டுவது பெரிய பெரிய துளி.

உண்மைதான். உயர்ந்த மரத்திலிருந்து விழும் பெருந்துளி வெறுந்தரையைக் குத்திக் கிளப்பிவிடும். கீழே இலையோ கொடியோ இருந்தால்தான் கூரையால் பயன்.

குலசேகரம், மறுபடியும்: சரி, மண்ணைத் தடுக்க நாங்கள் செலவு செய்கிறோம். கீழே இருக்கிறவர்களுக்கு லாபம். இது நியாயமா?

உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. குளத்தில் தண்ணீர் நின்றால் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் அறுக்கிறவர்கள் கீழே இருப்பவர்கள். மேட்டில் குழி வெட்டும் கூலியில் அவர்களும் பங்கு தரவேண்டும் என்று நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்லி வருகிறேன். ஆனால் அடித்துப் போவது உங்கள் மேல்மண், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய உரம். தோட்டம் முழுவதையும் ஒரே வருஷத்தில் முறிக்காமல் பாதி பாதியாக மாற்றுங்கள். கன்று வைத்ததும் முகுணா மாதிரி மூடுகொடி போடுங்கள். வரிசைக்கு நடுவே நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் மழைக்குழி வெட்டுங்கள். இரண்டு குழிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்கு நேர் கீழே அடுத்த வரிசைக் குழி வரவேண்டும். வருஷம் ஒருமுறை அதில் சேர்ந்த மண்ணை அள்ளி மரத்தடியில் போடுங்கள். அந்தக் குவியலைப் பார்த்தாலே எவ்வளவு போயிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

பூதப்பாண்டியிலிருந்து: போர்வெல் எத்தனை அடி போடலாம்?

அது என் துறை இல்லை. நிலத்தடி நீர் பார்ப்பவர்களிடம் கேளுங்கள்.

இரணியலிலிருந்து: எங்கள் குளத்தை ஆழமாக்க வழி சொல்லுங்கள்.

இதே கேள்வி நாலாவது முறை. ஈத்தாமொழிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். கரையடியில் தோண்டாதீர்கள்.

சுசீந்திரத்திலிருந்து: தூர் வாரினால் பறவைகள் போய்விடாதா?

நல்ல கேள்வி, அக்கா. 2022-இல் சுசீந்திரம்–தேரூர் குளங்களும் வேம்பனூர்க் குளமும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. சங்குவளை நாரை ஆழம் குறைந்த தண்ணீரில் நடந்துதான் மீன் பிடிக்கும். குளத்தை ஒரே மட்டமாகச் சுரண்டினால் அதற்கு நிற்க இடமில்லை. ஓரத்தில் ஆழம் குறைந்த பகுதியை அப்படியே விட்டு, நடுவில் மட்டும் வண்டலை எடுக்கவேண்டும்.

புத்தேரியிலிருந்து: மிகுநீர் வெளியேறும் மறுகாலில் மணல் மூட்டை அடுக்கி ஒரு அடி ஏற்றலாமா?

கூடவே கூடாது. 2021 நவம்பர் வெள்ளத்தில் கரைகள் உடைந்ததைப் பார்த்த பிறகும் கேட்கலாமா? மறுகாலை அடைத்தால் தண்ணீர் கரை மேல்தான் ஏறும்.

தக்கலையிலிருந்து: நாற்பது சென்ட் சரிவு நிலம். என்ன செய்யலாம்?

தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து மட்டம் பாருங்கள். மட்டம் ஒத்த இடங்களில் குச்சி நட்டு, அந்தக் கோட்டிலேயே கையாலை (கல் அல்லது மண் தடுப்பு) போடுங்கள், மேலிருந்து கீழாக அல்ல. அதன் ஓரம் வெட்டிவேரை அரை அடிக்கு ஒரு தூராக நெருக்கி நடுங்கள். ஓடைக்கரையில் தாழை. நாற்று வாங்கவேண்டாம், பழைய தாழையின் பக்கக்கன்றைப் பிரித்து ஆனிச் சாரலில் வைத்தாலே பிடித்துக்கொள்ளும்.