ஒரே வாழைப்பழம், எட்டு தடவை

கேள்வி: ஜப்பானின் அனிமேஷன் தொடர்களான அனிமேயில் காமெடிக்கு இரண்டாம் சீசன் அறிவித்தாலே எனக்கு பயமாக இருக்கிறது. ஆக்‌ஷன் தொடர்கள் எப்படியோ தேறிவிடுகின்றன, காமெடி மட்டும் ஏன் சொதப்புகிறது?
- பெரம்பூர் வாசகர்

பதில்: எல்லாமே சொதப்புவதில்லை, ஆனால் பயம் நியாயம்தான். ஆக்‌ஷனில் அடுத்த வில்லனை இறக்கிவிட்டால் வண்டி ஓடும். ஒரே ஒரு ஜோக்கை நம்பிக் கடை போட்ட காமெடிக்கு அந்த ஜோக் பழகிப்போனால் கல்லாவில் சில்லறைகூட இருக்காது. 'தி டெவில் இஸ் எ பார்ட்-டைமர்' அப்படித்தான் மாட்டிக்கொண்டது. அரக்கர் உலகத்து ராஜா சண்டையில் தோற்று டோக்கியோவுக்குத் தப்பி வருகிறார், வாடகை கட்ட பர்கர் கடையில் வேலைக்குச் சேர்கிறார், அந்த வேலையை அவ்வளவு சிரத்தையாகப் பார்க்கிறார். 2013-ல் வயிறு வலிக்கச் சிரித்தோம். அடுத்த சீசன் வர 9 வருஷம். 2022-ல் வந்தபோது ஸ்டுடியோ வேறு, வரைந்த முகங்கள் வேறு, நடுவில் ஒரு குழந்தை வந்து ராஜாவை அப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. ராஜா பர்கர் கடையில் நிற்பது நமக்குப் பழகிவிட்ட பிறகு அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

கேள்வி: ஹாருஹி சுசுமியா இரண்டாவது சீசனில் ஒரே எபிசோடு திரும்பத் திரும்ப ஓடுகிறது. என் நெட் கோளாறா, ஆப் கோளாறா?
- கோடம்பாக்கம் வாசகி

பதில்: இரண்டும் இல்லை, வேண்டுமென்றே எடுத்தார்கள்! 2006-ல் பெரிய ஹிட்டான தொடர். 2009-ல் 'எண்ட்லெஸ் எய்ட்' என்ற பெயரில், கோடை விடுமுறையின் கடைசி இரண்டு வாரம் மறுபடி மறுபடி நடக்கும் ஒரே கதையை 8 எபிசோடுகளாக, வாரம் ஒன்றாக ஒளிபரப்பினார்கள். சோம்பேறித்தனம் என்றும் சொல்ல முடியாது, ஒவ்வொன்றையும் புதிதாக வரைந்து புதிதாகக் குரல் கொடுத்திருக்கிறார்கள், உடைகள்கூட மாறும். கதைப்படி அந்த இரண்டு வாரம் 15,000 தடவைக்கு மேல் சுற்றுகிறது.

நம் ஊர் வாழைப்பழ காமெடியும் ஒரே கேள்விதானே, அது மட்டும் ஏன் இன்னும் சலிக்கவில்லை? ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் கவுண்டமணிக்குக் கோபம் ஒரு படி ஏறுகிறது, செந்தில் அசையாமல் நிற்கிறார், நாம் அடி எப்போது விழும் என்று காத்திருக்கிறோம். எண்ட்லெஸ் எய்ட்டில் கோபம் ஏற ஆள் இல்லை. முந்தைய சுற்றுகள் எல்லாம் கதையில் வரும் நாகாட்டோ என்ற பெண் ஒருத்திக்குத்தான் நினைவிருக்கின்றன, அவளும் முகத்தில் எதையும் காட்டமாட்டாள். முதலாவதும் எட்டாவதும் பாருங்கள், நடுவில் உள்ளதை விட்டுவிடலாம்.

கேள்வி: சரி, தேறியதையும் சொல்லுங்களேன்.
- வேளச்சேரி வாசகர்

பதில்: 'கொனோசுபா'. 2016, 2017 என அடுத்தடுத்து இரண்டு சீசன், 2019-ல் ஒரு படம், மூன்றாவது சீசன் 2024-ல். அதற்கும் ஸ்டுடியோ மாறியது, இடைவெளியும் விழுந்தது, ஆனாலும் சிரிப்பு நின்றுவிடவில்லை, ஏனென்றால் அங்கே ஜோக்கே கதையின் நாலு முக்கிய ஆட்கள்தான். மெகுமின் ஒரு நாளைக்கு ஒரே ஒரு வெடி மந்திரம் போட்டுவிட்டுச் சுருண்டு விழுவாள், வேறு மந்திரம் கற்றுக்கொள் என்றால் மாட்டேன் என்பாள். அக்வா பேருக்குத்தான் தெய்வம், காரியம் எல்லாம் அழுகையும் கடனும். இவர்களை எங்கே கொண்டுபோய் விட்டாலும் வம்பை இழுத்துக்கொண்டு வருவார்கள்.

'காகுயா-சாமா' நேர் எதிர். காதலை யார் முதலில் சொல்வது என்று இரண்டு புத்திசாலிகள் அடித்துக்கொள்ளும் கதை, அதை அப்படியே இழுத்திருந்தால் செத்திருக்கும். 2019, 2020, 2022 என்று மூன்று சீசனிலும் அந்த இருவரையும் ஒரு படி நகர்த்தினார்கள், என் கணக்கில் மூன்றாவதுதான் பெஸ்ட்.

அப்புறம் 'ஜிண்டாமா'. 2006-ல் ஆரம்பித்த அனிமே, முடிந்தது என்பார்கள், திரும்ப வரும், திரும்ப வந்ததையே கிண்டல் செய்யும். மூலக்கதையான மாங்காவும், அதாவது ஜப்பானிய காமிக்ஸும், லேசுப்பட்டதல்ல. 2018-ல் ஷோனென் ஜம்ப் இதழில் முடியப்போகிறது என்று அறிவித்தார்கள், முடியவில்லை. வேறு இதழுக்குப் போனது, அங்கேயும் முடியவில்லை, கடைசியில் ஒரு ஆப்பில் 2019-ல் முடித்தார்கள். எனக்கு அதுவே காமெடியாகத்தான் இருந்தது.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது, வேலைக்குப் போகிறான், ராத்திரி உட்கார்ந்து கார்ட்டூன் பார்க்கிறான். சொன்னால் "அது அனிமேம்மா" என்று கோபப்படுகிறான். எப்போது திருந்துவான்?
- தாம்பரம் வாசகி

பதில்: அம்மா, அவன் சின்ன வயதில் டிவியில் ஷின்-சான் பார்த்தபோது பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சிரித்திருப்பீர்கள். அந்த ஷின்-சான் 1990-ல் ஜப்பானில் ஆரம்பித்ததே பெரியவர்கள் படிக்கும் மாங்கா இதழில்தான். ஆகவே மகன் இப்போதுதான் சரியான வயதுக்கு வந்திருக்கிறான். சாப்பிட்டுவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.