கிளாக்கோமா ஆபரேஷன்: உங்கள் சந்தேகங்களுக்குப் பதில்

கண் மருத்துவமனையின் கிளாக்கோமா (கண் நீர் அழுத்த நோய்) பிரிவில் ஆப்டோமெட்ரிஸ்டாக, அதாவது கண் பரிசோதகராக, இருக்கிறேன். ஆபரேஷன் செய்வது டாக்டர். அதற்கு முன்னும் பின்னும் கண்ணின் பிரஷர் பார்ப்பது, வீட்டாருக்கு விளக்கிச் சொல்வது என் வேலை.

அக்கா, அப்பாவுக்கு 64 வயது. மூன்று வகை சொட்டு மருந்து போட்டும் பிரஷர் 28. டிராபெகுலெக்டமி செய்யச் சொல்கிறார்கள். பார்வை தெளிவாகிவிடுமா?

ஆகாது. பார்வை நரம்பில் போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாற்றத்தான் இந்த ஆபரேஷன். இதை அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கண்புரை ஆபரேஷன் முடிந்த மறுநாளே பேப்பர் படித்த யாரையாவது பார்த்திருப்பார், தனக்கும் அப்படித்தான் என்று நினைப்பார். இதில் முதல் சில வாரம் முன்பைவிட மங்கலாகக்கூடத் தெரியலாம்.

டிராபெகுலெக்டமி என்பது இதுதான்: மேல் இமை மறைக்கும் இடத்தில், வெள்ளை விழியில் பாதிக் கனத்துக்கு ஒரு சின்ன மடல் வெட்டி, அதற்கு அடியில் துளை போட்டு, மடலைத் தளர்வாகத் தைப்பார்கள். உள்ளே தேங்கும் நீர் அந்த வழியாகக் கசிந்து மேல் சவ்வுக்கு அடியில் சேரும். இமையைத் தூக்கிப் பார்த்தால் வெளிறிய மேடு தெரியும். அதுதான் பிளெப்.

வேடிக்கை என்னவென்றால், மற்ற ஆபரேஷனில் புண் சீக்கிரம் ஆறவேண்டும். இதில் நன்றாக ஆறிவிட்டால் வழி அடைந்துபோகும். அதனால்தான் ஆபரேஷன் நேரத்தில் புண் ஆறுவதை மட்டுப்படுத்தும் மைட்டோமைசின் மருந்தை வைக்கிறார்கள். பிறகும் பிரஷர் ஏறினால் ஒவ்வொரு தையலாக லேசரில் அறுத்துவிடுவார்கள். ரொம்ப இறங்கினாலும் ஆபத்துதான். முதல் ஒன்றிரண்டு மாதம் அடிக்கடி வரச் சொல்வது இதற்காக. ஊர் தூரம், வேலை இருக்கிறது என்று அந்த விசிட்டைத் தவறவிடுபவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

ஒருமுறை டிராபெகுலெக்டமி செய்து தோல்வி. இப்போது டியூப் வைக்கலாம் என்கிறார்கள். அது என்ன?

மெல்லிய சிலிக்கான் குழாய், அதன் முனையில் ஒரு தட்டு. குழாய் கண்ணுக்குள் போகும். தட்டு மேல் சவ்வுக்கு அடியில் உட்காரும், வெளியே தெரியாது. அகமது வால்வு என்ற வகையில் நீர் அதிகமாக வடியாமல் தடுக்கும் வால்வு உண்டு, அன்றே பிரஷர் இறங்கும். மதுரை ஆரோலேப் தயாரிக்கும் 'ஆடி' டியூபில் வால்வு கிடையாது. வெளிநாட்டு டியூபைவிட விலை மிகக் குறைவு. அதைக் கரையும் நூலால் கட்டி வைப்பார்கள். நூல் கரைய ஐந்தாறு வாரம் ஆகும். அதுவரை பிரஷர் இறங்கவில்லையே என்று பயப்படாதீர்கள், டாக்டர் சொன்ன சொட்டு மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

லேசர் போட்டால் போதாதா?

எந்த வகை கிளாக்கோமா என்பதைப் பொறுத்தது. கண்ணுக்குள் நீர் வடியும் கோணத்தைப் பார்க்கும் கோனியோஸ்கோப்பி பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். அந்தக் கோணம் குறுகியிருந்தால் ஐரிஸில் (கண்ணின் நிறமுள்ள திரையில்) லேசரால் துளை போடுவார்கள். கோணம் திறந்திருந்தால் நீர் வடியும் பாதையில் போடும் எஸ்.எல்.டி. என்ற லேசர், ஆரம்ப நிலையில் அதையே முதலில் செய்யலாம் என்று 2019-ல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு காட்டியது. மூன்று வருடம் கழித்தும் முக்கால்வாசிப் பேருக்குச் சொட்டு மருந்து தேவைப்படவில்லை. ஆனால் நோய் முற்றிய கண்ணுக்கு லேசர் மட்டும் பெரும்பாலும் போதாது.

அம்மாவுக்குக் கண்புரையும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா?

செய்யலாம். குறுகிய கோணம் என்றால், தடித்த லென்ஸை எடுப்பதே பல சமயம் பிரஷரை இறக்கிவிடும்.

சில வருடம் முன்பு டிராபெகுலெக்டமி செய்துகொண்டேன். இரண்டு நாளாகக் கண் சிவந்து பீளை தள்ளுகிறது. மெட்ராஸ் ஐ என்று மெடிக்கலில் சொட்டு மருந்து கொடுத்தார்கள்.

அதை நம்பி இருக்காதீர்கள், இன்றே கண் மருத்துவமனைக்குப் போங்கள். எத்தனை வருடம் ஆனாலும் பிளெப் வழியாகக் கிருமி உள்ளே போகலாம். தாமதித்தால் கண்ணே போய்விடும். ஆபரேஷன் ஆன கண் என்று நுழைந்ததுமே சொல்லுங்கள், அவசரமாகப் பார்ப்பார்கள்.

என் ஐந்து மாதக் குழந்தைக்கு அழகான பெரிய கண். வெளிச்சத்தில் மூடிக்கொள்கிறான், எப்போதும் தண்ணீர் வடிகிறது. கிளாக்கோமாவா?

இருக்கலாம். பெரிய கண் என்று எல்லோரும் கொஞ்சும்போது பெற்றோருக்குச் சந்தேகம் வராது. கருவிழி நீலம் பாய்ந்தாற்போல் மங்கியிருந்தால் இன்னும் அவசரம். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன்தான் முதல் சிகிச்சை. அடைபட்ட வடிகால் பாதையைத் திறந்துவிடுவார்கள். மயக்கம் கொடுத்துத்தான் முழுப் பரிசோதனையும் நடக்கும், அதனால் குழந்தைகள் கண் பிரிவு இருக்கும் பெரிய மருத்துவமனையாகப் பார்த்து நாளைக்கே கூட்டிப்போங்கள்.