வக்கீலிடம் கேளுங்கள்: எஃப்.ஐ.ஆர், செக், மூன்று வருட பிராக்டிஸ்

கேள்விகளைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். என் வேலை கிரிமினல் பக்கம். பட்டா, பாகப்பிரிவினை கேட்டவர்கள் ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள்.

கே: 2023-ல் நடந்த மோசடி. இப்போது புகார் கொடுத்தால் 420-ஆ, புதிய பிரிவா?

ப: பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420 தான். அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1-ல்தான் அமலுக்கு வந்தது. குற்றம் நடந்த தேதிதான் கணக்கு, புகார் தேதி இல்லை. ஆனால் எஃப்.ஐ.ஆர் பதிவும் விசாரணையும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) நடக்கும். ஒரே எஃப்.ஐ.ஆரில் இரண்டு சட்டமும் இருந்தால் பதற வேண்டாம். புகாரில் தேதியை மறக்காமல் எழுதுங்கள்.

கே: "எங்க லிமிட் இல்லை" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ப: பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எல்லையைக் காரணம் காட்ட முடியாது. அதுதான் ஜீரோ எஃப்.ஐ.ஆர், இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 173-லேயே இருக்கிறது. ஆன்லைனில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் கையெழுத்து போட வேண்டும். அப்படியும் மறுத்தால் எஸ்.பி.க்குத் தபால், அப்புறம் மாஜிஸ்திரேட். தேதி தெரியும் தபால் ரசீது பத்திரம்!

கே: முன்ஜாமீன் 438 தானே? எங்கள் சீனியர் 482 என்கிறார்.

ப: புதிய நடைமுறைச் சட்டத்தில் இப்போது 482. பழைய 482, அதாவது வழக்கை ரத்து செய்யக் கேட்பது, 528 ஆகிவிட்டது. நாங்களே இன்னும் மாற்றித்தான் சொல்கிறோம்.

கே: செக் திரும்பி 40 நாள் ஆகிவிட்டது. நோட்டீஸ் அனுப்பலாமா?

ப: பேங்க் தகவல் வந்த 30 நாளுக்குள் அனுப்பியிருக்க வேண்டும். வழக்குப் போடத் தாமதமானால் கோர்ட்டில் காரணம் சொல்லலாம், நோட்டீஸுக்கு அந்தச் சலுகை இல்லை. செக்கின் மூன்று மாதக் காலம் முடியவில்லை என்றால் மறுபடி பேங்கில் போடுங்கள். திரும்பினால் புதிய 30 நாள் கிடைக்கும். இந்த முறையாவது காலண்டரில் குறியுங்கள்.

கே: வீடியோ காலில் "டிஜிட்டல் அரெஸ்ட்" என்கிறார்கள்.

ப: சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள்.

கே: சட்டம் முடித்த கையோடு சிவில் ஜட்ஜ் தேர்வு எழுத முடியாதாமே?

ப: 2025 மே 20 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மூன்று வருட பிராக்டிஸைத் திரும்பக் கொண்டுவந்தது. 2002-ல் அதை எடுத்ததும் அதே நீதிமன்றம்தான். எனக்கு இதில் சந்தோஷமே. கூண்டில் சாட்சி தடுமாறுவது பயத்தாலா பொய்யாலா என்பதைக் கோச்சிங் சென்டரில் படிக்க முடியாது.

கே: (அதே நபர்) அந்த மூன்று வருடம் யார் சோறு போடுவது சார்? சீனியர் பஸ் காசு தருகிறார்.

ப: கோபம் நியாயம். சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் ஜூனியருக்குத் தர வேண்டும் என்று 2024-லேயே சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பல சேம்பர்களின் காதில் அது விழவில்லை. சண்டையை அங்கே போடுங்கள், அனுபவ விதியோடு வேண்டாம்.

கே: (இன்னொருவர்) வக்கீல் வீட்டுப் பிள்ளைகள் கோர்ட் பக்கமே வராமல் சர்டிஃபிகேட் வாங்கிவிடுவார்களே?

ப: வாங்குவார்கள். பத்து வருட அனுபவமுள்ள வக்கீல் சான்று தர வேண்டும், நீதித்துறை அதிகாரி மேலொப்பம் போட வேண்டும். அந்த மேலொப்பம் வெறும் சீல் ஆகிவிட்டால் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் நஷ்டம். ஆஜரான உத்தரவுகளின் நகலை இன்றிலிருந்தே சேர்த்து வையுங்கள், தேதியோடு. பார் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே அனுபவம் கணக்காகும்.

கே: சார், செக் திரும்பி 35 நாள்...

ப: மேலே படியுங்கள்.