பழைய தமிழ் வேர்ட்பிரஸ் தளத்தைப் புது சர்வருக்கு மாற்ற, ஃபைலையும் டேட்டாபேஸையும் காப்பி பண்ணினால் போதுமா?

ஆங்கிலத் தளம் என்றால் அநேகமாகப் போதும். உங்களுடையது பதினைந்து வருடத்துக்கு மேல் பழைய தமிழ்த் தளம் என்கிறீர்கள், ஹோஸ்டிங்காரர் பழைய பிஎச்பியை (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழி) நிறுத்தப் போகிறார் என்கிறீர்கள். அப்படியானால் போதாது. பட்டவன் சொல்கிறேன்.

தக்கலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நாகர்கோவிலில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நடத்தும் சிறுபத்திரிகைக்கு 2006-ல் தொடங்கிய தளம் ஒன்று உண்டு. போன ஐப்பசியில், மழை விடாத ஒரு சனிக்கிழமை ராத்திரி அதைப் புது சர்வருக்கு மாற்றிவிட்டுப் படுத்தேன். முகப்பில் லோகோவும் படமும் சரியாக வந்தன, தூக்கக் கலக்கத்தில் அதற்கு மேல் பார்க்கவில்லை. காலை ஆறரைக்கு சாரின் போன்.

"டே மக்கா, நம்ம எழுத்துக்கெல்லாம் கொம்பு மொளச்சிருக்குடே!"

திறந்து பார்த்தால் அவர் சொன்னது நிஜம். தலையில் கோடு போட்ட ஆங்கிலச் சின்ன 'ஏ', பக்கத்திலேயே வட்டத்துக்குள் 'ஆர்', திரும்பவும் அதே ஜோடி, பக்கம் முழுக்க. எழுத்தை பைட்டாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் மூன்று பைட். முதல் இரண்டும் பெரும்பாலும் ஒன்றே. அவற்றைத் தனித்தனி லத்தீன் எழுத்தாகப் படித்தால் இந்தக் கொம்புதான் வரும்.

பழைய சர்வரில் ஏன் ஒழுங்காகத் தெரிந்தது? அங்கே டேபிளின் கேரக்டர் செட், அதாவது எழுத்து-பைட் அட்டவணை, லத்தீன்-1 என்கிற ஐரோப்பிய எழுத்து வகை, டேட்டாபேஸ் இணைப்பும் லத்தீன்-1. டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல் எதையும் மாற்றாமல் வந்த பைட்டை வைத்துக்கொண்டு, கேட்டபோது அப்படியே திருப்பிக் கொடுத்தது. எந்தக் கேரக்டர் செட்டில் பேச வேண்டும் என்று சொல்லும் வரி வேர்ட்பிரஸின் கான்ஃபிக் ஃபைலுக்கு வந்ததே 2007-ல், 2.2 பதிப்பில். அதற்கு முந்தைய தளங்களில் அந்த வரியே இருக்காது. புது சர்வரில் நான் புதிதாகப் போட்ட கான்ஃபிக்கில் இருந்தது, இணைப்பு யுடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லின் முழு யுடிஎஃப்-8) ஆனது. உடனே மைஎஸ்க்யூஎல் லத்தீனை மொழிபெயர்த்துக் கொடுக்கக் கிளம்பிவிட்டது.

பதற்றத்தில் பைத்தானில் நாலு வரி எழுதி, டம்ப் ஃபைலை (டேட்டாபேஸ் முழுவதையும் எழுதி எடுத்த ஃபைல்) லத்தீன்-1-ன் விண்டோஸ் வடிவமான விண்டோஸ்-1252 வழியாகத் திருப்பினேன். முக்கால்வாசி தமிழ் வந்துவிட்டது. ஆனால் 'நாகர்கோவில்' என்ற சொல்லில் புள்ளி இருக்க வேண்டிய இரண்டு இடத்திலும் கறுப்பு டைமண்டும் கேள்விக்குறியும். 'ஏலக்காய்' தலையிழந்தது, 'ஐப்பசி'யும் அப்படியே. விண்டோஸ்-1252-ல் ஐந்து பைட்டுக்கு எழுத்தே கிடையாது. நம் புள்ளி, ஏ, ஐ மூன்றின் கடைசி பைட்டும் சரியாக அந்த ஐந்துக்குள் விழுகிறது. மைஎஸ்க்யூஎல்லின் லத்தீன்-1 அவற்றைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ளும், மற்ற கருவிகள் பல விழுங்கிவிடும். புள்ளி இல்லாத தமிழை சாரிடம் காட்டினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். முதலில் பழைய சர்வரிலேயே ஒரு சோதனை. டேபிளில் ஏற்கனவே பதிவாகியிருக்கும் 'நாகர்கோவில்' என்ற சொல்லுக்கு மைஎஸ்க்யூஎல்லில் பைட் நீளத்தையும் எழுத்து நீளத்தையும் கேளுங்கள். 33, 11 என்று வந்தால் (புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனியாக எண்ணப்படும்) டேட்டா நன்றாக இருக்கிறது. 33, 33 என்றால் என் கதைதான். பைட் நீளம் 66-ஐத் தாண்டினால் ஏற்கனவே யாரோ ஒரு தடவை மாற்றிக் கெடுத்திருக்கிறார்கள்.

33, 33 வந்தால், டம்ப் எடுக்கும்போது கேரக்டர் செட் லத்தீன்1 என்று கட்டளையிலேயே கொடுங்கள். அது ஃபைலின் தலையில் எழுதும் கேரக்டர் செட் வரியையும் தவிர்க்கச் சொல்லுங்கள். பைட் மாறாமல் அசல் தமிழாகவே வெளியே வரும். பிறகு டேபிள் உருவாக்கும் வரிகளில் மட்டும் லத்தீன்1 என்பதை யுடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள், டேபிளைச் சேமிக்கும் பழைய முறையான மைஐஎஸ்ஏஎம் என்பதைப் புது முறையான இன்னோடிபி ஆக்குங்கள். இரண்டாவதைச் செய்யாவிட்டால் 255 எழுத்து இன்டெக்ஸ் உள்ள டேபிளில் கீ நீளம் 1000 பைட்டைத் தாண்டுகிறது என்று இம்போர்ட் நிற்கும். இதையெல்லாம் சர்வரிலேயே செய்யுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் இறக்கி எடிட்டரில் திறக்கவே வேண்டாம்.

பிஎச்பி விஷயம் இதைவிட எளிது. வெறும் வெள்ளைத் திரை வந்தால் தளத்தின் தோற்றத்தைத் தரும் பழைய 'தீம்' மேல் சந்தேகப்படுங்கள். பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களை 7.0-லேயே எடுத்துவிட்டார்கள், வேறு சில பழைய ஃபங்ஷன்களை 8.0-ல். எரர் லாக்கைத் திறந்தால் எந்த வரி என்று அதுவே சொல்லும்.

இன்னொன்று, பக்க முகவரிகள். முகவரியில் ஒரு தமிழ் எழுத்துக்குறி ஒன்பது இடம் பிடிக்கும். வேர்ட்பிரஸ் கொடுப்பது 200 இடம். எங்களிடம் 'பேச்சிப்பாறை அணையும் நாஞ்சில்நாட்டு நெல்வயல்களும்' என்று ஒரு கட்டுரை. அதன் முகவரி 'நாஞ' என்று பாதியில் நிற்கும். பார்க்க அசிங்கம்தான், ஆனால் திருத்தக் கை அரிக்கக் கூடாது. வாட்ஸப்பில் சுற்றும் பழைய இணைப்பெல்லாம் அந்த அரைகுறை முகவரிக்குத்தான் வருகிறது.

தளப் பெயரை சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸின் டிடிஎல்லை (பழைய பதிலை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) முந்தின நாளே 300 நொடிக்குக் குறைத்துவிடுங்கள். பேக்கப்பில் ஒன்று ஊருக்கு வெளியே இருக்கட்டும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்து நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததிலிருந்து எனக்கு இந்தப் பழக்கம்.

பழைய சர்வரை உடனே மூடாதீர்கள், ஒரு மாத வாடகை போனால் போகட்டும். இரண்டாவது தடவை சரியாக மாற்றிய பிறகும் சாருக்கு நம்பிக்கை வரவில்லை. தினமும் கட்டுரை கட்டுரையாகப் படித்தார். மூன்றாவது வாரம் போன்: "ஒரு புள்ளிய இன்னும் முழுங்கி வச்சிருக்கியே மக்கா." பழைய சர்வரைத் திறந்து காட்டினேன். 2009-லிருந்தே அந்தப் புள்ளி அங்கே இல்லை, தட்டச்சு செய்தது அவரே.